உள்ளுணர்வும் அழிந்த கற்பலகையும்
(சீத்தா கேம்ப் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



'உள்ளுணர்வு' என்பதுபற்றிச் சில சொல்லுமாறு விழாக்குழுவினர் எம்மைப் பணித்தனர். தத்துவம் பயின்ற பேராசிரியர் பேசவேண்டிய பொருள் இது. எனினும், "ஏனோ தெரியவில்லை, மனத்தில் பட்டது" என்று நாள்தோறும் சொல்லி, அதனைக் கொண்டே பெண் கொடுப்பதும், சீட்டுப் போடுவதும், வேலைக்கு ஆள் வைப்பதும், வேலையை விட்டு விலகுவதும் செய்கின்றவர்கள் நாம். மனத்தில் பட்டது சரியாயிருந்தால் குடும்பம் தழைக்கின்றது. தவறாயிருந்தால் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருள் ஒரே நாளில் போகின்றது. ஆகவே, மனத்தில் படுவதில் எதனை நம்பலாம், எதனைத் தள்ளலாம் என்று ஆராய்வது பேராசிரியர்க்கு மட்டும் உரிய வேலையன்று.

முதலில் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'இன்டியூஷன்' என்கின்றனர். அது இலத்தீன் மொழியில் 'உற்று நோக்குதல்' என்று பொருள்படும் வினையடியாகப் பிறந்தது. நோக்காமல் வருவது என்று இன்று நாம் எண்ணுகின்ற ஒன்றுக்கு நோக்குதல் என்னும் பெயர் வாய்த்திருப்பது வியப்பன்றோ? தமிழிலே இதற்கு நெருங்கிய பழஞ்சொல் 'குறிப்பறிதல்' என்பது. திருவள்ளுவர் இப்பெயரில் ஓர் அதிகாரமன்று, இரண்டு அதிகாரங்கள் வகுத்தார். பொருட்பாலில் 71 ஆம் அதிகாரம். காமத்துப்பாலில் 110 ஆம் அதிகாரம். முன்னது, பிறர் வாய்திறந்து சொல்லாததை அவர் முகத்திலும் கண்ணிலும் கண்டுகொள்ளும் அமைச்சனின் திறம். பின்னது, தலைவியின் நோக்கிலிருந்து அவள் உள்ளத்தைத் தலைவன் அறியும் நுட்பம். அரசவைக்கும் காதலுக்கும் ஒரே பெயர்! ஆயின் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'குறிப்பறிதல்' என்றால் அறிவதற்கு வெளியே ஒரு குறிப்பு இருக்க வேண்டும். முகம் இருக்க வேண்டும். கண் இருக்க வேண்டும். ஒன்றுமில்லாத வெற்றிடத்திலிருந்து அறிவு குதிப்பதாக அப்பெயர் சொல்லவில்லை.

நம் இல்லங்களிலேயே இதனைக் காணலாம். குழந்தை அழுகின்றது. அடுத்த வீட்டாருக்கு அது வெறும் அழுகை. தாய்க்கோ, இது பசியழுகை, இது தூக்கத்தழுகை, இது காதுவலி என்று தெரிகின்றது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. தெய்வம் வந்து சொல்லவில்லை. நூறு இரவு விழித்த விழிப்பு சொல்கின்றது.

இரயில்வேயில் பணியாற்றுவோர் இன்னோர் எடுத்துக்காட்டை அறிவர். நிலையத்தில் வண்டி நின்றதும், நீண்ட கைப்பிடியுள்ள சுத்தியலுடன் ஒரு தொழிலாளி சக்கரந்தோறும் தட்டிக்கொண்டே செல்லும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நல்ல சக்கரம் மணிபோல் ஒலிக்கும். விரிசல் கண்ட சக்கரம் அடைத்த குரலில் ஒலிக்கும். பிரயாணிகளுக்கு இரண்டும் 'டங்' என்ற ஓசையே. அவர் காதிலோ ஆயிரக்கணக்கான சக்கரங்கள் குடியிருந்தன. இன்று மீயொலிக் கருவிகள் வந்து, கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத விரிசலையும் காட்டிக்கொடுக்கின்றன. கருவி வந்தது நன்றே. ஆனால் அந்தக் காதுக்கு மந்திரம் ஒன்றும் ஓதப்படவில்லை என்பதை மட்டும் இங்கே நினைவில் வைப்போம்.

இனி, உள்ளுணர்வு என்றவுடன் உலகமே எடுத்துக்காட்டும் தமிழரிடம் வருவோம். கணித மேதை சீனிவாச இராமானுசன் 1887 டிசம்பர் 22 ஆம் நாள் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரியில் கணக்கைத் தவிரப் பிற பாடங்களில் மனம் செல்லாமையால் கும்பகோணத்திலும் தோற்றார், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிலும் தோற்றார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராக அமர்ந்தார். அந்நாளில் அவர் தேறியிருந்த தேர்வு மெட்ரிக்குலேஷன் ஒன்றுதான். (எம்மைப்போன்ற மெட்ரிக் எழுத்தர்கள் இதனைச் சொல்லும்போது சற்று நிமிர்ந்து உட்கார்வதைச் சபையோர் பொறுத்தருள வேண்டும்.) 1913 சனவரி 16 ஆம் நாளிட்டு, தம்மை ஓர் எழுத்தர் என்று அறிமுகம் செய்துகொண்டு, கேம்பிரிட்ஜ் பேரறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். நிரூபணம் மட்டும் இல்லை.

'நிரூபணம் இல்லாமல் எப்படிக் கண்டார்? நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொன்னாள்' என்று பலரும் கூறுவர். இராமானுசனே தம் ஆற்றலைத் தம் குலதெய்வத்தின் அருளென்று நம்பியவர். இந்தச் சபையில் எல்லாச் சமயத்தாரும் அமர்ந்திருக்கின்றோம். ஒருவர் நம்பிக்கையை எள்ளுவது எம் கருத்தன்று. ஆயினும் கனவைப்பற்றி நூறுமுறை பேசும் நாம், அவருடைய கற்பலகையைப்பற்றி ஒருமுறையேனும் பேச வேண்டாமா?

காகிதம் விலையுயர்ந்த பண்டம், அவர் போடும் கணக்குக்குக் கட்டுக் கட்டாகக் காகிதம் வேண்டும், வாங்கக் காசில்லை. ஆகவே கற்பலகையில் எழுதுவார். துணி தேடித் துடைக்கப் பொழுது வீணாகும் என்று முழங்கையாலேயே அழிப்பார், மீண்டும் எழுதுவார், மீண்டும் அழிப்பார். முடிவு கிட்டியபின் அம்முடிவை மட்டும் நோட்டுப் புத்தகத்தில் ஏற்றுவார். அவரை அருகிருந்து கண்ட நண்பர் கூறிச் சென்ற செய்தி இது. மேலும், பள்ளிப் பருவத்தில் அவர் கையில் கிடைத்த நூல் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்தது; ஏறத்தாழ 5000 முடிபுகளைப் பெரும்பாலும் நிரூபணமின்றி அடுக்கி வைத்த நூல். கணக்கை எழுதும் முறை அதுவே போலும் என்று இளைஞர் கற்றுக்கொண்டதில் வியப்பில்லை.

இப்போது எண்ணிப் பாருங்கள். உலகம் கண்டது நோட்டுப் புத்தகத்தை. கற்பலகையை யாரும் காணவில்லை. வழி அழிந்துவிட்டது, ஊர் மட்டும் தெரிகின்றது. வழி தெரியாதவர்க்கு, ஊருக்கு வந்தவர் வானத்திலிருந்து இறங்கியவராகத் தோன்றுவார். நாம் உள்ளுணர்வு என்று வியப்பது பெரும்பாலும் முழங்கையால் அழிக்கப்பட்ட கற்பலகையே என்பது யாம் துணிந்து சொல்லும் கருத்து.

1729 என்னும் எண்ணின் கதையை இங்குள்ள சிறுவர்களும் அறிவர். நோயுற்றிருந்த இராமானுசனைக் காணச் சென்ற ஹார்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் 1729 என்றும், அது சுவையற்ற எண் என்றும் கூறினார். இராமானுசன் உடனே மறுத்து, இரு கன எண்களின் கூட்டாக இரு வேறு வழிகளில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்றார். 12 இன் கனம் 1728, அதனுடன் 1. 10 இன் கனம் 1000, அதனுடன் 9 இன் கனம் 729. கண்ணிமைக்கும் நேரத்தில் எப்படிச் சொன்னார்? இக்கதையைச் சொல்லுவோர் வழக்கமாக இங்கே நிறுத்திவிடுவர். அவருடைய பழைய நோட்டுகளைப் பின்னர் ஆராய்ந்தோர், வண்டி வருவதற்குப் பல்லாண்டு முன்னரே இவ்வெண் அவற்றில் இடம்பெற்றிருக்கக் கண்டனர். மருத்துவமனைப் படுக்கையில் அவர் 1729 ஐப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தெருவில் பழைய நண்பனைக் கண்டவர்போல் அடையாளம் கண்டுகொண்டார்.

இவ்வளவும் பெருமை. ஆனால் முழு உண்மையைச் சொல்லாமல் பெருமை பேசுவது நம் மேதைக்கு நாம் செய்யும் குறையாகும். இராமானுசனின் உள்ளுணர்வு தவறியதும் உண்டு. தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத எண்களைப் பகா எண்கள் என்கின்றோம். குறிப்பிட்ட ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உள்ளன என்பதற்கு அவர் ஒரு சூத்திரம் கண்டு, அது மிக நுட்பமாகப் பொருந்தும் என்று நம்பினார். சிறிய எண்களில் அது அழகாக ஒத்துவந்தது. பெரிய எண்களில் அவர் கருதிய அளவுக்கு ஒத்துவரவில்லை. இதே துறையில், அந்நாள்வரை கணக்கிட்டுப் பார்த்த எண்களெல்லாம் தராசின் ஒரு தட்டே எப்போதும் தாழும் என்று காட்டின. மறுதட்டும் முடிவில்லாத தடவைகள் தாழும் என்று 1914 இல் லிட்டில்வுட் என்னும் அறிஞர் நிறுவினார். இலட்சக்கணக்கான எண்களைக் கண்டு பழகிய மனத்தையும் எண்கள் ஏமாற்றிவிடுகின்றன! மறுபுறம், 1916 இல் இராமானுசன் ஓர் எண்வரிசை எவ்வளவுக்கு மேல் பெருகாது என்று ஊகித்தார். நிரூபிக்க அவரால் இயலவில்லை. பெல்ஜிய நாட்டு டெலீன் 1974 இல் அதனை உண்மையென நிறுவினார். இடையில் 58 ஆண்டுகள். ஒரே மனிதர், ஒரே மனம். ஓர் ஊகம் பொய்த்தது, ஓர் ஊகம் மெய்த்தது. எழுந்தபோது இரண்டும் அவருக்கு ஒரே உறுதியோடுதான் தோன்றியிருக்கும். உள்ளத்தில் எழும் உறுதி, உண்மைக்கு முத்திரையன்று. இதனை இராமானுசனிடமே கற்றுக்கொள்ளலாம்.

ஹார்டியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே எழுத்தரின் ஏடுகள் ஹார்டிக்கு முன்னர் வேறு இரு கேம்பிரிட்ஜ் பேராசிரியர்களுக்கும் போயின. அவர்கள் ஊக்கமளிக்கவில்லை. ஹார்டியும் முதலில் யாரோ ஏமாற்றுகின்றார் என்றே ஐயுற்றார். ஆனால் அந்தச் சூத்திரங்கள் அவரை விடவில்லை. அன்றிரவு லிட்டில்வுட்டோடு அமர்ந்து அவற்றை ஆராய்ந்தார். பொய்யாக இவற்றைப் புனைய எவருக்கும் கற்பனை போதாது, ஆகவே மெய்யாகத்தான் இருக்க வேண்டும் என்னும் முடிவுக்கு வந்தார். இதுவும் உள்ளுணர்வே. ஆனால் அதன்பின் அவர் செய்த செயலே எமக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது. பிப்ரவரி 8 ஆம் நாள் விடை எழுதி, நிரூபணங்களை அனுப்புமாறு கேட்டார். உள்ளம் 'ஆம்' என்றது. கை சான்று கேட்டது.

1914 மார்ச் 17 இல் இராமானுசன் கப்பலேறினார். 1918 இல் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1919 இல் நோயோடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 இல் சென்னையில் 32 வயதில் மறைந்தார். அவர் துணைவியார் ஜானகி அம்மாள் பின்னர்ச் சில ஆண்டுகள் நம் பம்பாயில் தமையனார் இல்லத்தில் வாழ்ந்து தையற்கலை பயின்றார் என்பதைத் தாய்மார்கள் அறிந்துகொள்ளட்டும். பிற்காலத்தில் சென்னையில் அந்தத் தையலே அவர் கைக்குத் துணையாயிற்று.

அவர் கடைசி ஆண்டில் எழுதிய தாள்கள் நெடுங்காலம் எங்குள்ளன என்று தெரியாமலிருந்தன. கேம்பிரிட்ஜ் திரினிட்டிக் கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டியில் 1976 இல் அமெரிக்கக் கணித அறிஞர் ஆண்ட்ரூஸ் அவற்றைக் கண்டெடுத்தார். கையெழுத்தில் கிடந்த தாள்கள் எத்தகையவை என்று அவருக்கு உடனே விளங்கியது. இராமானுசன் இறுதியாக ஆராய்ந்த பொருளிலேயே அவர் தம் டாக்டர் பட்ட ஆய்வைச் செய்திருந்தமையே காரணம். வேறொருவர் கை பட்டிருந்தால் பெட்டி மூடப்பட்டிருக்கும்.

1976 என்றவுடன் இச்சபையில் பல முகங்கள் மாறுவதை யாம் காண்கின்றோம். நெருக்கடி நிலைக் காலத்தில், அவ்வாண்டு மே மாதம் ஜனதா காலனி இடிக்கப்பட்டு, பல்லாயிரவர் இந்தக் கடற்கழி ஓரத்துக்குக் கொணரப்பட்டனர். நம் பெற்றோர் தலைமுறை அது. அத்தலைமுறையிடம் ஓர் உள்ளுணர்வு வளர்ந்தது. அளவு நாடாவும் கையேடும் ஏந்தித் தெருமுனையில் அன்னியர் இருவர் தோன்றினால் அடிவயிறு கலங்கும். வாய் பேசுவதற்குள் கதவு சாத்தப்படும். அது அச்சமென்று நகைக்கத்தக்கதன்று. பட்டுத் தேறிய குறிப்பறிதல். ஆயினும் வந்தவர் சில வேளை போலியோ சொட்டு மருந்து கொணர்ந்தவராக இருப்பார்; சில வேளை வாக்காளர் பட்டியலுக்கோ மக்கள்தொகைக் கணக்குக்கோ வந்தவராக இருப்பார். பெயர் விடுபட்டால் பின்னர் எத்தனை அலுவலகப் படிகள் ஏற வேண்டும் என்பதை இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. காலம் மாறியதை அடிவயிறு அறியவில்லை. கதவைத் திறந்து, 'எங்கிருந்து வருகின்றீர்கள், அடையாளச் சீட்டு உண்டா?' என்று கேட்பதற்கு அரை நிமிடம் போதும்.

அவ்வாறாயின் எந்த உள்ளுணர்வை நம்புவது? மேனாட்டில் இதனை ஆராய்ந்தோருள் இருவர் எதிரெதிர்க் கருத்தினர். கேரி கிளைன் என்பவர் தீயணைப்போரை ஆராய்ந்தார். ஒரு வீட்டில் அடுக்களைத் தீயை அணைக்கச் சென்ற தலைவர், நீர் பாய்ச்சியும் தீ தணியாமை கண்டார். சூடு மிகுதி, ஓசையோ குறைவு. ஏதோ பொருந்தவில்லை என்று தோன்ற, உடனே அனைவரையும் வெளியேற்றினார். சற்று நேரத்தில் அவர்கள் நின்ற தளமே இடிந்து விழுந்தது. தீ நிலவறையில் இருந்திருக்கின்றது! தமக்கு ஏதோ தெய்வ ஆற்றல் இருப்பதாகவே அத்தலைவர் நம்பியிருந்தாராம். மற்றவர் டேனியல் கானமன், 2002 இல் நோபெல் பரிசு பெற்றவர். மனித மனம் எவ்வெவ்வாறு தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்கின்றது என்று காட்டியவர். இவ்விருவரும் 2009 இல் சேர்ந்து எழுதிய கட்டுரையில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தனர். தொழில் நடக்கும் களத்தில் ஓர் ஒழுங்கு இருக்க வேண்டும். அவ்வொழுங்கை நெடுநாள் பழகி, செய்தது சரியா தவறா என்று உடனுக்குடன் அறிந்து திருந்தும் வாய்ப்பும் இருக்க வேண்டும். இவ்விரண்டும் இருந்தால் உள்ளுணர்வுக்கு மதிப்புண்டு. இல்லையேல் அது எவ்வளவு வலுவாக எழுந்தாலும் மதிப்பில்லை.

இந்த அளவுகோலை நம் தெருவில் வைத்துப் பார்ப்போம். தாய்க்குப் பொருந்துகின்றது, சக்கரம் தட்டியவர்க்குப் பொருந்துகின்றது. மட்காவுக்குப் பொருந்துமா? இந்நகரில் நியூயார்க் பருத்திச் சந்தையின் விலைகளின்மேல் பந்தயமாகத் தொடங்கி, 1960களில் பானையிலிருந்து சீட்டெடுக்கும் சூதாக வளர்ந்தது அது. நேற்றுக் கனவில் பாம்பு வந்தது, ஆகவே இன்று இந்த எண் என்று கூலியைக் கொண்டுபோய்க் கட்டியவர்களை நாம் அறிவோம். கனவு கண்டவருக்கு இராமானுசனைப்போலவே உறுதி இருந்தது. ஆனால் பானைக்குள் குறிப்பு ஏதும் இல்லை. குறிப்பு இல்லாத இடத்தில் எதனை அறிவது? முகமில்லாதவன் முகத்தைப் பார்த்து மனத்தைப் படிப்பதுபோன்றது அது. அந்தக் கூலி அரிசியாகியிருக்கும், அவ்வளவே சொல்வோம்.

இதனினும் நம்மை வாட்டுவது ஒன்று உண்டு. நம் பிள்ளைகள் நேர்காணலுக்குச் செல்கின்றனர். சான்றிதழ் சரி, பேச்சு சரி. முகவரி கேட்கும்போது 'சீத்தா கேம்ப்' என்கின்றனர். எதிரிலிருப்பவர் முகத்தில் ஏதோ ஒன்று மூடிக்கொள்கின்றது. 'இவன் சரிப்படமாட்டான் என்று மனத்தில் பட்டது' என்று அவர் பின்னர் மற்றவரிடம் கூறுவார். அவரும் அதனை உள்ளுணர்வென்றே மனமார நம்புகின்றார். ஆனால் அவர் இத்தெருவில் ஒருநாளும் நடந்ததில்லை. இங்கிருந்து ஒருவரை வேலைக்கு வைத்துப் பார்த்ததில்லை. தாம் தள்ளிய பிள்ளை பின்னர் எவ்வாறு முன்னேறினான் என்று கேட்டதுமில்லை. பழக்கம் இல்லை, திருத்தமும் இல்லை. கற்பலகையில் ஒருமுறையும் எழுதாமல் நோட்டில் நேரே முடிவெழுதும் வேலை அது. அதற்குத் தமிழில் உள்ளுணர்வு என்று பெயரில்லை.

அவரைக் குறை கூறும் நாம் நம் வீட்டில் செய்வதென்ன? ஒரு தேர்வில் மதிப்பெண் குறைந்தவுடன் 'இவனுக்குக் கணக்கு வராது, பார்த்தாலே தெரிகின்றது' என்று தந்தை தீர்ப்புக் கூறிவிடுகின்றார். பெண் குழந்தையாயின் தீர்ப்பு இன்னும் விரைவாக வருகின்றது. பார்த்தால் என்ன தெரிகின்றது? விடைத்தாளின் ஓரத்தில் பிள்ளை போட்டு அடித்த கணக்குகளை அவர் பார்த்தாரா? விடை தவறு, வழியில் முக்கால் பங்கு சரி என்று பலமுறை அங்கே தெரியவரும்.

மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர முன்வரும் இளைஞர்களிடம் யாம் வேண்டிக்கொள்வது இது. பிள்ளை சட்டென்று விடை சொன்னால் மகிழுங்கள். மகிழ்ந்தபின், 'எப்படி வந்தது?' என்று கேளுங்கள். சொல்லத் தெரியாமல் விழித்தால் அதட்டாதீர்கள்; கூடவே அமர்ந்து வழியைத் தேடுங்கள். விடை தவறினாலும் அதே கேள்வியை அதே குரலில் கேளுங்கள். பிள்ளைகள் போட்டு அடித்த தாள்களைக் கிழித்தெறிய வேண்டாம். ஆளுக்கொரு கோப்பில் போட்டு வைக்கலாம். காகிதம் இப்போது அவ்வளவு விலையில்லை.

நாடகத்துக்குரிய பிள்ளைகள் வேடம் பூண்டு திரைக்குப்பின் நிற்பதாகச் செயலாளர் குறிப்புக் காட்டுகின்றார். அக்குறிப்பை அறிந்து, இவ்வளவில் அமைகின்றோம்.